மழை விட்டுருச்சா

செவ்வாய்ப்பேட்டை, தட்டுவடை செட் கடைக்கு மேல்மாடி.
ஆறு பேர், ஐந்து நாற்காலி.
வருஷத்துக்கு ஒரு பழைய படம் போடுகிற சங்கம்.
அன்றைக்கு விவாதம்:
‘பதினேழாம் வளைவு’ கல்ட் கிளாசிக்கா, இல்லையா.

ஓடாத படமாக இருக்க வேண்டும் என்றார் துளசிராம்.
“அப்படிப் பார்த்தா எம் மச்சான் எடுத்ததும் சேருமுங்க”
என்றார் அர்த்தநாரி, பொருளாளர்.
திரும்பத் திரும்பப் பார்த்திருக்க வேண்டும் என்றாள் பர்வீன்.
“சோப்பு விளம்பரத்தக்கூடத்தான் பார்த்தோம்.”
பர்வீன் போன வருஷக் காலண்டரின் முதுகில்
ஒன்று, இரண்டு என்று எழுதி
ஒன்றையும் இரண்டையும் அடித்தாள்.

படம் வந்தது எண்பத்தேழில்.
ஓடியது நான்கு நாள்.
லாரி டிரைவர் ஒருவன்
அடிவாரத்தில் டீ குடிக்கிறான், பத்தாம் சுருள்.
மலையேறி, வளைவில் உருண்டு, எரிந்து சாகிறான், பதினொன்று.
மூன்றாம் நாள் ராத்திரி ஆட்டத்தில்
யாரோ பதினொன்றை முதலில் மாட்டிவிட்டார்கள்.

எரிந்தவன்
அடுத்த காட்சியில் பெஞ்சில் உட்கார்ந்து
கிளாஸை ஊதி ஊதி
“மழை விட்டுருச்சா?” என்று கேட்டான்.

தரை டிக்கெட் மொத்தமும் எழுந்து நின்றதாம்.
நாலாம் நாள் ஒழுங்காக மாட்டினார்கள்.
ஏமாந்த ஜனம் திரையைக் கிழித்தது.

அதோடு படம் போனது. வசனம் போகவில்லை.
லீ பஜாரில் நொடித்துப் போனவர்
மறுபடி ஷட்டரைத் தூக்கினால் எதிர்க்கடைக்காரர் கேட்பார்.
ஜாமீனில் வந்தவனைக் கேட்பார்கள்.
அக்டோபரில் தேறிய பையனைக் கேட்பார்கள்.
“தூறுது” என்று பதில் சொல்ல வேண்டும்.
அந்தப் பதில் படத்தில் இல்லை.
சேலம் சேர்த்தது.

ஏற்காட்டிலிருந்து பஸ் பிடித்து வந்த ஜெசிந்தா சொன்னாள்:
“பதினேழாவது வளைவுல ஒரு ஹாரன் கூடுதலா அடிப்பாங்க.
புது டிரைவர்ங்களும்தான்.
ஏன்னு கேட்டா தெரியாதும்பாங்க.”
காலண்டரில் அதை எந்த எண்ணில் எழுதுவது
என்று பர்வீனுக்குத் தெரியவில்லை.

இப்போது இணையத்தில் சுத்தமான பிரதி இருக்கிறது.
நிதர்சன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.
வரிசை சரியாக இருந்தது.
ஒருவன் சும்மா டீ குடித்தான்.
சும்மா மழையைக் கேட்டான்.

“சரி, தியேட்டர்ல பார்த்தவங்க கை தூக்குங்க.”
துளசிராம் மட்டும் தூக்கினார்.
பிறகு பாதி இறக்கிக்கொண்டு,
“நான் பார்த்தது இரண்டாம் நாள்” என்றார்.

கீழே எண்ணெய்ச் சட்டி இரைவது கேட்டது.

நான் செயலாளர், குறிப்பு எழுதுகிறவள்.
கை தூக்கவில்லை, சொல்லவும் இல்லை:
பெரியாஸ்பத்திரியில் நாலு நாள் கழித்து
அவர் கண் திறந்தபோது
கண்ணீர் வரவில்லை, சாமி பெயர் வரவில்லை,
பார்க்காத படத்தின் வசனம்தான் வந்தது.
அவர் தொண்டையில் குழாய்.
கட்டைவிரலில் மற்ற விரல்களைத் தேய்த்து
மெல்ல உதறிக் காட்டினார்:
தூறுது.

“ஹால் வாடகை நாலாயிரமுங்க,” அர்த்தநாரி தொண்டையைக் கனைத்தார்,
“எந்த வரிசைல போடறதுன்னு மொதல்ல சொல்லுங்க.
தப்பாப் போட்டு, டைரக்டரு கேஸ் போட்டா?”
டைரக்டர் இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியவில்லை.
துளசிராம் தெரிந்தமாதிரி தலையாட்டினார்,
எதற்கென்று கேட்கவில்லை.

வெட்டி ஒட்டப் பத்து நிமிஷம் போதும் என்றான் நிதர்சன்.
‘முப்பத்தேழு வருஷம்’ என்று எழுதி
அடித்துவிட்டேன்.

தீர்மானம்: பதினொன்று முன்னால், பத்து பின்னால்.
ஆறுக்கு ஆறு.
கல்ட்டா என்பது ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த பொருள்:
நாற்காலி ஒன்று வாங்குவது.